டெயில்ஸ்டாக்கில் விழுந்த வளையம்

கோவை கணபதிப் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்த புதிதில், டெயில்ஸ்டாக் (லேத்தின் கடைசியில் டிரில்லைப் பிடித்து ஜாப்புக்குள் தள்ளும் பகுதி) என்றால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம். டூல் பிடித்து ஓட்டுகிறவன்தான் டர்னர், அந்தக் கடைசியில் நின்று சக்கரம் சுற்றுவது எடுபிடி வேலை என்று நினைப்பு.

அன்று கப்ளிங் (இரண்டு தண்டுகளை இணைக்கும் துண்டு) ஜாப். 22 மி.மீ. துளை போட வேண்டும். சென்டர் டிரில் போட்டு, 10 மி.மீ. டிரில்லும் விட்டாயிற்று. அப்புறம் டிரில்லைக் கவ்வும் சக்கைக் கழற்றிவிட்டு, ஷாங்க் எனும் பின்பகுதி கூம்பாகச் சரியும் டேப்பர் ஷாங்க் டிரில்லை எடுத்தேன். ஷாங்க் 2-ஆம் நம்பர் மோர்ஸ் (கூம்பின் அளவு), அதைச் செருகும் குழாயான டெயில்ஸ்டாக் பேரல் அதைவிடப் பெரிய 3-ஆம் நம்பர். நடுவே இடைவெளியை நிரப்பும் உறையாக ஒரு ஸ்லீவ் போட்டுச் செருகினேன். லேசாக ஆடியது. மரக்கட்டையால் இரண்டு தட்டு தட்டினேன், ஆட்டம் நின்றது. சரி என்று மெஷினை ஓடவிட்டேன். அரை அங்குலம்கூட இறங்கியிருக்காது, கிறீச்சென்று ஒரு சத்தம். டிரில் ஜாப்போடு சேர்ந்து சுற்றுகிறது.

நிறுத்தியதும் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, "கண்ணு, உள்ள விரல உட்டுப் பாத்தியா?"

"இல்லீங்கண்ணா."

டிரில்லின் வால் ஸ்லீவின் காடியில் மாட்டியிருந்தது, அதனால் ஸ்லீவுக்குள் அது நழுவவில்லை; ஸ்லீவோடு சேர்ந்துதான் சுற்றியது. ஸ்லீவைப் பிடிக்க எங்கள் பேரலுக்குள் காடி கிடையாது, உரசல் மட்டும்தான். மோர்ஸ் டேப்பர் ஏறத்தாழ 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் குறையும். அவ்வளவு மெலிந்த சரிவு என்பதால்தான் ஆணி, போல்ட் எதுவும் இல்லாமல் தானாகக் கவ்விக்கொள்கிறது. 1860-களில் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் கொண்டுவந்த ஏற்பாடு, இன்றைக்கும் அதேதான். ஆனால் கவ்வ வேண்டுமென்றால் நீளம் முழுக்க ஒட்ட வேண்டும். முந்தின ஜாப்பில் பறந்த ஒரு துணுக்கு பேரலுக்குள் கிடந்திருக்கிறது. ஸ்லீவ் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் தட்டியது அதை இன்னும் ஆழமாகப் பதித்ததோடு சரி. ஸ்லீவ் சுற்றியபோது அது பேரலுக்குள் வளையமாக ஒரு கீறல் போட்டுவிட்டது.

பக்கத்துப் பட்டறையில் 3-ஆம் நம்பர் ரீமர் (துளையின் உட்பக்கத்தைச் சீவிச் சீராக்கும் கருவி) இரவல் வாங்கி, கையால் மெதுவாகத் திருப்பினார் மேஸ்திரி. எழும்பி நின்ற பிசிறு மட்டும் போனால் போதும் என்றார். ஆசைப்பட்டுக் கீறல் மறையும்வரை சுரண்டினால் பேரல் பெரிதாகிவிடும். விட்டத்தில் 0.1 மி.மீ. கூடினாலே ஸ்லீவ் 2 மி.மீ. உள்ளே போகும், பின்னாலிருக்கும் ஸ்க்ரூ முனையில் இடிக்கத் தொடங்கும். பிறகு எங்கெங்கே ஒட்டுகிறது என்று காட்டும் நீலச் சாயமான புளூவை ஸ்லீவில் தடவிச் செருகி எடுத்துப் பார்த்தார். முன்னும் பின்னும் ஒட்டியிருந்தது, நடுவில் மட்டும் ஒரு பட்டை விட்டுப்போயிருந்தது. "ஓட்டலாம்" என்றார்.

அதிலிருந்து பனியன் வேஸ்ட்டால் துடைத்த பிறகும் சுண்டுவிரலை விட்டுத் தடவாமல் எதையும் செருகுவதில்லை. (ஜாப்பைச் சுற்றவைக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் இதைச் செய்வதாக இருந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்.) செருகுவது ஒரே வீச்சில், கையால். கழற்ற, சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றினால் ஸ்க்ரூ முனையே தள்ளிவிடும். சுத்தியலுக்கு அங்கே வேலையே இல்லை.

வளையம் இன்னும் அந்தப் பேரலில் இருக்கிறது. வாயிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே, நகத்தால் தடவினால் தட்டுப்படும்.