கரியனின் வீட்டுக்குப் பஞ்சு வந்த கதை

கரியனுக்கு 11 வயது. அவனை வீட்டுப் பூனை என்று சொல்வதைவிட, வீட்டையும் தன் எல்லைக்குள் சேர்த்து வைத்திருக்கும் கடுவன் என்று சொல்வதே பொருந்தும். விடியுமுன் ஜன்னல் வழியாக இறங்கி, மதில்மேல் ஒரு சுற்று நடந்துவிட்டு, வெயில் ஏறியபின் வந்து சாப்பிட்டு, கூடத்து நாற்காலியில் உறங்கி, இருட்டியதும் மறுபடி கிளம்பிவிடுவான். இப்படி ஒருவன் இருக்கும் வீட்டுக்குத்தான், பிறந்ததிலிருந்து மண்ணில் கால் பதித்தறியாத 2 வயதுப் பெட்டைப் பூனையான பஞ்சுவை, அவளை வளர்த்தவர் ஊர் மாற வேண்டியிருந்ததால், நான் கூடையில் தூக்கி வந்தேன்.

முதல் நாளே தவறு செய்தேன். பார்த்துப் பழகிக்கொள்ளட்டும் என்று கூடத்தின் நடுவில் கூடையைத் திறந்து வைத்தேன். கரியன் ஜன்னலில் ஏறியவன் அப்படியே நின்றான். வால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் போல் உப்பியது. அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் வந்தது. பஞ்சு அலமாரிக்கு அடியில் புகுந்து அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டாள். கரியன் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். இரண்டு இரவுகள் வரவில்லை. உள்ளேயே வளரும் இரண்டு பூனைகளுக்குள் சண்டை வந்தால் ஏதோ ஒன்று கட்டிலுக்கடியில் ஒளியும். வெளியே போய்ப் பழகிய பூனையோ வீட்டையே விட்டுவிடும். அந்த இரண்டு இரவுகள் எனக்கு உறைத்தது இதுதான்.

சைப்ரஸ் தீவில் மனிதர் ஒருவரின் புதைகுழிக்கு அருகே, சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்ததாக 2004இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மனிதரோடு பூனைக்கு அவ்வளவு பழைய உறவு உண்டு. ஆனால் பூனைக்குப் பூனை அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்துத் திரிந்து தனித்து வேட்டையாடும் விலங்கு.

கரியன் திரும்பி வந்ததும், இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் தனித்தனியாகக் கொண்டுபோனேன். வெளியே திரியும் பூனையால் உள்ளே இருப்பதற்கு வரக்கூடியவை பல. பூனைகளின் லுக்கேமியா வைரஸ் எச்சில் வழியாக, ஒன்றையொன்று நக்குவதாலும் ஒரே தட்டில் உண்பதாலும்கூடப் பரவும். எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் இன்னொரு வைரஸ் பெரும்பாலும் ஆழமான கடிகளின் வழியே தொற்றும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். பரிசோதனையையும் தடுப்பூசிகளையும் முடித்து, தெள்ளுப்பூச்சிக்கு மருந்தும் இட்டேன். கருத்தடை இருவருக்கும் முன்பே ஆகியிருந்தது. இல்லையென்றால் நான் துணிந்திருக்க மாட்டேன்.

அதன்பின் பஞ்சுவைப் பின்னறையில் மணல் தட்டோடும் தண்ணீரோடும் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியோடும் வைத்துக் கதவைச் சாத்தினேன். பூனையின் கன்னத்திலும் தாடையிலும் வாசனைச் சுரப்பிகள் இருப்பதால், அவளுடைய கன்னங்களை ஒரு பருத்தித் துணியால் தடவி, அதைக் கரியனின் நாற்காலிக்கு அருகில் போட்டேன். அவன் முகர்ந்தான், பிறகு மேலுதட்டைச் சற்றே தூக்கி, வாயைப் பாதி திறந்தபடி எங்கோ வெறித்து நின்றான். பார்ப்பவர்களுக்கு அது அருவருப்பாகத் தோன்றும். உண்மையில், மேலண்ணத்தில் உள்ள தனி உறுப்புக்கு வாசனையை இழுத்து ஆராய்ந்துகொண்டிருந்தான். ஐந்தாம் நாள் அந்தத் துணியின் மேலேயே முதுகைக் காட்டிப் படுத்தான்.

இதுவரை எல்லோரும் சொல்லும் வழிதான். வெளிப்பூனை இருக்கும் வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு என்பது எனக்குப் பிறகே புரிந்தது. பஞ்சுவின் வாசனை நாளுக்கு நாள் ஒன்றாகவே இருந்தது. கரியனோ ஒரு நாள் ஈரமண் வாசனையோடும், மறுநாள் வேறொரு கடுவன் பீய்ச்சிவிட்டுப் போன புதரின் நெடியோடும் வந்தான். முந்தின மாலை கதவிடுக்கில் அமைதியாக முகர்ந்தவள் மறுநாள் காலை யாரோ அந்நியனைக் கண்டதுபோல் சீறினாள். அவளைப் பொறுத்தவரை அவன் அந்நியன்தான். ஆகவே அவன் திரும்பியதும், பஞ்சு படுக்கும் துண்டால் அவன் முதுகைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் தன் நாற்காலியில் உறங்கவிட்ட பிறகே கதவருகே அழைத்துச் செல்வதை வழக்கமாக்கினேன். சீறல் மறையவில்லை என்றாலும் வெகுவாகக் குறைந்தது.

மூன்றாம் வாரம் அறைக்கு வலைக்கதவு போட்டேன். இருபுறமும் ஆறடி தள்ளித் தட்டுகளை வைத்து, சில நாள்களுக்கு ஒருமுறை ஒரு சாண் அளவுக்கு நெருக்கினேன். யாராவது உண்ணாமல் நிமிர்ந்து வெறித்தால் மறுபடி பின்னுக்குத் தள்ளினேன். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நாம் கேலி பேசுகிறோம். வலைக்கு அப்பால் ஒரு பூனை மெல்லக் கண்களை மூடித் திறக்கும்போது, எதிரே இருப்பதைக் கண்டு அதற்குப் பதற்றமில்லை என்று கொள்ளலாம். அதைக் கரியன் செய்து பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

வலைக்கதவைத் திறந்துவிட்ட பிறகும் ஒரு விபத்து நேர்ந்தது. மதில்மேல் வந்து நின்ற ஏதோ ஒரு கடுவனைக் கண்ணாடி வழியே கண்ட பஞ்சு, அதை எட்ட முடியாத ஆத்திரத்தில் திரும்பி, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த கரியனை அறைந்துவிட்டாள். கையை நீட்டி விலக்கினால் கடி எனக்குத்தான் விழும் என்பதால், நடுவில் ஒரு தலையணையைச் சொருகினேன். பூனைக்கடி சிறிதாகத் தெரிந்தாலும் ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கக்கூடியது. அன்றே ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டினேன். இருவரையும் ஒரு வாரம் பிரித்து வைத்து, தட்டுகளிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

கரியனை இனி வெளியே விடாதே என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். வாகனங்கள், நோய்கள், அவன் பிடித்துவரும் பறவைகள் என்று அவர்கள் அடுக்கிய காரணங்களில் தவறில்லை. ஆனால் 11 வயதில் ஒரே மாதத்தில் அவனுடைய மதிலையும் பறித்து, அறைக்குள் போட்டியாளையும் கொண்டுவந்து விடுவது அநியாயமாகப் பட்டது. அவனுடைய ஜன்னல் திறந்தே இருந்தது. பஞ்சு வெளியேறிவிடாதபடி அந்த அறைக்கு மட்டும் இரட்டைக் கதவு போட்டுக்கொண்டேன்.

நான்கு மாதங்கள் ஆகின்றன. கரியன் நாற்காலியிலும் பஞ்சு அலமாரியின் உச்சியிலும் பகலைக் கழிக்கிறார்கள். இருட்டியதும் அவன் இறங்கிப் போன பிறகு, அவள் மெதுவாக நாற்காலியில் ஏறி, அவன் படுத்து உண்டான குழிவிலேயே சுருண்டுகொள்கிறாள். விடிந்து ஜன்னலில் அவன் நகம் உரசும் சத்தம் கேட்டதும் எழுந்து, சோம்பல் முறித்து, அலமாரிக்கு ஏறிவிடுகிறாள்.