டெம்ப்ளேட்டில் இடம் இல்லை

"சார், அதுக்கு டெம்ப்ளேட்ல இடம் இல்ல." அன்று நான் சொன்னது இவ்வளவுதான். எட்டு மாதமாகிறது, பல்லிடுக்கு நார் மாதிரி இன்னும் உறுத்துகிறது.

முப்பந்தல் காற்றாலை ஒன்றின் வருடாந்திரக் கணக்கு. உற்பத்தியான யூனிட்டை இந்திய மின்தொகுப்பின் சராசரி உமிழ்வால், அதாவது யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோவால், பெருக்கினால் எவ்வளவு கரியமில வாயு தவிர்க்கப்பட்டது என்று வந்துவிடும். சார் ஊரில் அனல்மின் நிலையத்தில் இருபது வருடம் ஷிப்டு பார்த்தவர். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, காத்தாடி சுத்துறப்போ பாய்லர் அணைஞ்சா போகுது? 55 சதவீத லோடுக்கு இறங்கி நிக்கும். அப்போ ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி கூடத் தின்னும். அதைப் போட்டியா?"

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சார் ஒன்றும் சொல்லவில்லை, கோப்பி ஓ கோசொங்கைக் கலக்கிக்கொண்டிருந்தார். அதில் சீனியே கிடையாது, எதைக் கலக்கினாரோ. கூட்டம் முடிந்ததும் 'இது சராசரியை வைத்த மதிப்பீடு' என்ற அடிக்குறிப்பையும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். அப்படிப் பார்த்தால் என் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அது பாதிதான். மீதி, எனக்குப் பதில் தெரியாது. நான் தொழில் கற்றது சிங்கப்பூரில். இங்கே மின்சாரத்தில் 95 சதவீதம் எரிவாயு. ஒரு யூனிட் மிச்சம் பிடித்தால் எந்த நேரமானாலும் ஏறக்குறைய அதே 0.4 கிலோ. காற்றும் நொடிக்கு 2 மீட்டர்தான், காற்றாலை ஒழுங்காக ஓட அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். எந்த உலை இறங்குகிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து போட்டேன். 500 மெகாவாட் நிலக்கரி உலை, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.95 கிலோ கரியமில வாயு, முழு லோடில் மணிக்கு 475 டன். காற்று வந்து அது 275 மெகாவாட்டுக்கு இறங்குகிறது. எரிபொருள் யூனிட்டுக்கு ஆறு சதவீதம் கூடச் செலவாகிறது என்று வைத்தால் 277 டன். குறைய வேண்டியது 214, குறைந்தது 198. சார் சொன்ன நஷ்டம் உண்மை, ஆனால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்றாலையைச் செய்து நிறுவுவதற்கான உமிழ்வை அதன் ஆயுள் முழுக்கப் பரப்பினாலும் யூனிட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம்தான்.

வேடிக்கை இதற்கு மேல். 198 டன்னை 225 மெகாவாட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 0.88 கிலோ. நான் போட்டது 0.7. சராசரிக்குள் நிலக்கரி எரிக்காத நீர்மின் அணையும் அணுவும் சூரியனும் இருக்கின்றன. காற்றுக்கு வழிவிடுவது பெரும்பாலும் நிலக்கரி. ஆக என் கணக்கு குறைச்சல்தான், மிகை இல்லை.

அப்படியென்றால் தப்பு செய்யவில்லையா? இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு அதுவும் போயிற்று. காற்றுக்கு வழிவிட்டது அணையாக இருந்தால்? அந்தத் தண்ணீர் தங்கியிருந்து வேறொரு நாள் நிலக்கரியைக் குறைக்கும், சரி. காற்றுக்காலத்தில் மின்சாரத்தை வாங்க முடியாமல் காற்றாலையையே நிறுத்தச் சொல்வார்களே? அந்த யூனிட் என் கணக்கில் வராது, ஆனால் 'காற்றாலை வைத்தால் இவ்வளவு குறையும்' என்று விற்பவர்களின் கணக்கில் வரும். எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டமா திறமையா என்று கேட்டால், திறமை என்று சொல்ல நாக்கு வரவில்லை. அந்த அடிக்குறிப்பு இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டேனோ என்னவோ.

சார் ஒப்பந்தம் முடிந்து நாகர்கோவில் போய்விட்டார். ஜூனில் ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார். காற்று இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. கீழே "சுத்துது" என்று மட்டும். நான் முழுக் கணக்கையும் தட்டி அனுப்பினேன், 198 வரை.

"சரிதாம்மா. ரிப்போர்ட்ல போட்டியா?"

படித்துவிட்டேன் என்று அவருக்கு நீல டிக் போயிருக்கும்.