கப்பலிலிருந்து இறங்கி வந்த தாய்

நாகசாகியில் சோஃபுகுஜி ஆலயத்தின் செந்நிற வாயிலைக் கடந்து கற்படிகளில் ஏறும்போதே, இது கடல் கடந்து வந்த பக்தி என்பது புரிந்துவிடுகிறது. ஃபூஜோவிலிருந்து வந்த சீன வணிகர்கள் 1629ஆம் ஆண்டில் நிறுவிய பௌத்த ஆலயம் இது. கிறித்தவம் தடை செய்யப்பட்டிருந்த அக்காலத்தில், தாங்கள் பௌத்தர்களே என்று காட்ட வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. ஆனால் புத்தருக்கு ஆலயம் எடுத்தபோது தங்கள் கடலன்னையையும் அவர்கள் மறக்கவில்லை. அவளுக்கென்று தனிச் சன்னிதி அமைத்தார்கள். அவளைத் தரிசிக்கவே நான் சென்றிருந்தேன்.

ஃபூஜியன் கடற்கரையை அடுத்த மெய்ஜோ தீவில் 960ஆம் ஆண்டில் பிறந்த லின் மோ என்ற பெண்ணே பின்னாளில் மாட்ஸு என்னும் தெய்வமானாள் என்பது மரபு. பிறந்தபோது அழவே இல்லை என்பதால் மௌனத்தைக் குறிக்கும் 'மோ' என்ற பெயர் அமைந்ததாம். ஜப்பானியர் அவளை மாசோ என்கின்றனர். சன்னிதியில் அவளுக்குத் துணையாக இரு காவலர்கள் நிற்கின்றனர்: ஆயிரம் காதம் பார்க்கும் கண்ணுடையவர் ஒருவர், காற்றில் வரும் ஒலியைக் கேட்கும் செவியுடையவர் மற்றவர். நடுக்கடலில் தத்தளிப்பவனின் கூக்குரல் தாயை எட்ட வேண்டுமானால் இவ்விருவரும் வேண்டும் அல்லவா! ஊதுவத்தி ஏற்றிக் கைகூப்பி நின்றபோது, அந்தச் செவியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை உருக்கியது பழைய வழக்கம் ஒன்று. ஒவ்வொரு சீனக் கப்பலிலும் மாட்ஸுவின் சிறு திருவுருவம் இருக்கும். கப்பல் துறைமுகத்தில் நின்றிருக்கும் மாதங்களில் அவளை ஆளற்ற கப்பலில் தனியே விட அவர்களுக்கு மனம் வரவில்லை. விளக்கேந்தி, சேகண்டி முழங்க, தீயவை அண்டாதபடி ஒருவர் கோலைச் சுழற்றிக்கொண்டு செல்ல, அவளை ஊர்வலமாக ஆலயத்துக்கு எழுந்தருளச் செய்வார்கள். புறப்படும் நாளில் அவ்வாறே திரும்ப அழைத்துச் செல்வார்கள். நம் மொழியில் சொன்னால், சன்னிதியில் இருப்பவள் மூலவர், கப்பலில் வருபவள் உற்சவர். 1689இல் சீனர்கள் மதிலுக்குட்பட்ட குடியிருப்பில் அடைக்கப்பட்ட பிறகும் இவ்வூர்வலம் நிற்கவில்லை. இன்று சீனப் புத்தாண்டையொட்டிய விளக்குத் திருவிழாவில் நாகசாகி மக்களே அதனை நடத்துகின்றனர்.

அவள் துறைமுகத்தோடு நின்றுவிடவில்லை. 1677இல் நாகசாகிக்கு வந்த ஷின்எட்சு என்னும் சீனத் துறவியை மிட்டோ பிரபு தொகுகாவா மிட்சுகுனி ஆதரித்தார். அத்தொடர்பின் பயனாக 1690இல், கிழக்குக் கரையோரம் இசோஹாராவில் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய சிறு குன்றின் மேல் 'தென்பி', அதாவது விண்ணரசி என்ற பெயரில் அவளுக்குக் கோயில் எழுந்தது. ஜப்பானிய மீனவரின் படகுத் தெய்வ வழிபாட்டோடும் அவள் கலந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கோயிலின் தெய்வம் மாற்றப்பட்டு, கணவனின் படகைக் காக்கக் கொந்தளிக்கும் கடலில் தன்னையே பலியிட்ட இளவரசி ஒதோதாச்சிபானா அங்கே அமர்த்தப்பட்டாள். அம்மாற்றம் எனக்கு வருத்தமே தருகிறது. ஆயினும் அலைக்கு நடுவே உயிர்காத்த ஒரு பெண்ணின் இடத்துக்கு இன்னொருத்தியே வந்திருக்கிறாள். அந்தக் குன்றை ஊரார் இன்றும் தென்பி மலை என்றே அழைக்கின்றனர்.