மூன்று லிட்டர் தண்ணீர்

டிப்ளமோ நர்சாக ஒன்பது வருடம் வேலை பார்த்த பிறகுதான் நான் டிகிரி படிக்கப் போனேன். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், 2 வருடப் படிப்பு. மதுரைப் பக்கம், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிற ஒரு கல்லூரி. ஊரில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஊசி போடத் தெரியும், டிரிப் ஏத்தத் தெரியும், பிரசவம் பாக்கத் தெரியும். இன்னும் என்னத்தப் படிக்கப் போற?" அம்மாவும் அதையேதான் கேட்டாள். டிகிரி இருந்தால் பின்னால் பாடம் எடுக்கிற வேலைக்குப் போகலாம், நைட் டூட்டி குறையும், மகன் பக்கத்தில் படுத்துத் தூங்கலாம் என்பதுதான் என் கணக்கு. அவனை அம்மாவிடம் விட்டுவிட்டு, ராமநாதபுரத்தில் பஸ் ஏறினேன்.

முதல் வருடம் மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, நியூட்ரிஷன், சைக்காலஜி என்று போனது. இரண்டாம் வருடம் சோசியாலஜி, கம்யூனிட்டி ஹெல்த், மனநல நர்சிங், ரிசர்ச், புள்ளியியல். பள்ளியில் தமிழில் படித்தவள் நான். டிப்ளமோவை மனப்பாடம் செய்தே தாண்டியிருந்தேன். இந்த முறை அது முடியவில்லை, ஏனென்றால் "ஏன்?" என்று கேட்டார்கள். ஒன்பது வருடமாகக் கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லச் சொன்னார்கள்.

அதில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. எங்கள் கடற்கரையில் திருக்கை முள் ஏறி வருகிறவர்கள் உண்டு. வலையில் சிக்கியதைக் கழற்றும்போது ஏறும், இல்லையென்றால் முட்டளவு தண்ணீரில் மணலுக்குள் கிடப்பதை மிதித்து ஏறும். பெரிய ஆம்பிளைகளே கத்தி அழுகிற வலி. பெரியவர்கள் உடனே காலைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு முறை, கூட வந்த கிழவர் ஒருவர் டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கி வாளியில் கொண்டுவந்தார். நாட்டு வைத்தியம் என்று நினைத்து அந்த வாளியை நான் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். பயோகெமிஸ்ட்ரி வகுப்பில் புரதம் சூட்டில் உருக்குலைவதைப் பற்றிப் பாடம் வந்தது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் மறுபடி இளகாது என்பது உதாரணம். திருக்கையின் நஞ்சும் சூட்டில் கெடுகிற புரதம்தான். அன்று இரவு நூலகத்தில் தேடினேன். தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை தண்ணீரில் வைத்திருப்பதுதான் அதற்கு முதலுதவி என்று இருந்தது. வலியில் சூடு தெரியாது என்பதால் முதலில் நல்ல காலை விட்டுப் பார்க்க வேண்டும், முள் துண்டு உள்ளே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், டெட்டனஸ் ஊசி வேண்டும். இதெல்லாம் நர்ஸ் சேர்க்க வேண்டியவை. ஆனால் மூலச் சிகிச்சை அந்த வாளியில் இருந்தது. அந்தக் கிழவரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்புறம் கேர் பிளான், ஒரு நோயாளியை எப்படிக் கவனிக்கப் போகிறோம் என்று நர்ஸ் எழுதுகிற திட்டம். நர்சிங் படிக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டாக்டர் நோயின் பெயரை எழுதுவார். நர்ஸ் எழுதுகிற டயக்னோசிஸ் வேறு. டாக்டர் 'நிமோனியா' என்று எழுதிய அதே ஆளுக்கு, 'சளியை இருமித் துப்ப முடியாததால் மூச்சுப்பாதை அடைபடுகிறது' என்று நர்ஸ் எழுதுவாள். என்ன சிக்கல், எதனால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று மூன்று பகுதி. 1973இல் அமெரிக்காவில் நர்சுகள் கூடி இதற்குச் சொற்பட்டியல் போடத் தொடங்கினார்கள். எங்கள் கேஸ் ஷீட்டிலும் அந்தச் சொற்கள்தான்.

அந்தப் பட்டியலில் மாணவிகள் எல்லோருக்கும் கைகொடுக்கிற ஒன்று 'நாலெட்ஜ் டெஃபிசிட்'. அறிவுக் குறைபாடு என்று அர்த்தம். சுகர் நோயாளிக்கும் ஒட்டும், பிரசவித்தவளுக்கும் ஒட்டும், கால் முறிந்தவருக்கும் ஒட்டும். அதற்குரிய சிகிச்சையும் சுலபம். ஒரு சார்ட் வரைந்து பத்து நிமிடம் ஹெல்த் எஜுகேஷன் கொடுத்தால் முடிந்தது. மதிப்பெண்ணும் விழும். நானும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் வருடம் கம்யூனிட்டி போஸ்டிங், அதாவது ஊருக்குள் போய்ச் செய்கிற பயிற்சி, எங்கள் மாவட்டத்துக்கே கிடைத்தது. ஏர்வாடி தாண்டி ஒரு கடற்கரை ஊர். ஆளுக்கு ஐந்து வீடு. வீடு வீடாகப் போய் ஃபேமிலி ஃபோல்டர் என்கிற குடும்ப நலப் பதிவேட்டை எழுத வேண்டும். பிறந்தது சற்றுத் தள்ளித்தான் என்றாலும், கறுப்புப் பையும் சீருடையுமாக அந்தத் தெருவில் நடந்தபோது வெளியூர்க்காரியாகத்தான் இருந்தேன்.

கறுப்புப் பைக்கு ஒரு முறை உண்டு, பேக் டெக்னிக் என்போம். திண்ணையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைக்க வேண்டும். சோப்பை எடுத்துக் கை கழுவிய பிறகுதான் பைக்குள் கை விடலாம். நோயாளியைத் தொட்ட பிறகு மறுபடி கழுவ வேண்டும். சாமானை உள்ளே வைத்து மூடுவதற்கு முன் இன்னொரு முறை. கிருமி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை, நல்ல முறை. கை கழுவத் தண்ணீர் வீட்டுக்காரர்தான் தர வேண்டும்.

மூன்றாவது வீட்டில் ஒரு அக்கா. நாற்பதைத் தாண்டியவர். கடல்பாசி எடுக்கிறவர். அன்று கடலுக்குப் போகாத நாள். மூலையில் மூடி வைத்திருந்த குடத்திலிருந்து சொம்பில் மொண்டு என் கையில் ஊற்றினார். நான் புத்தகத்தில் உள்ளபடி மணிக்கட்டு வரை தேய்த்துக் கழுவினேன். பி.பி. பார்த்தேன். மறுபடி நீட்டினேன், ஊற்றினார். மூன்றாவது முறை நீட்டியபோது குடத்தைச் சாய்த்து மொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சிறுபிள்ளைதான், "அம்மா, நாளைக்குத்தான தண்ணி வண்டி வரும்?" என்று கேட்டது.

அந்த அக்காவுக்கு நீர்க்கடுப்பு. வருடத்தில் பல தடவை வரும், மெடிக்கலில் இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கிப் போடுவார், கடுப்பு அடங்கியதும் நிறுத்திவிடுவார். ஒன்பது வருட வேலையில் இதே கதையோடு எத்தனையோ பாசிப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே வரிதான் சொல்லியிருக்கிறேன். "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்." இந்த அக்காவிடமும் அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஃபோல்டரில் நிரப்ப வேண்டிய கேள்விகள் இருந்தன. அதனால் முதலில் கேட்டேன்.

"எத்தன மணிக்குக்கா கடலுக்குப் போவீங்க?"

"வெள்ளன அஞ்சு, அஞ்சரைக்கு."

"சாப்பிட்டுட்டா?"

"சாப்பிட்டு முங்க முடியுமா தாயி? கொமட்டிரும்."

"தண்ணி?"

"வல்லத்துல ஒரு கேனு கெடக்கும். எல்லாத்துக்கும் அதான்."

சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, விரல்களில் பாறை கிழிக்காமல் சுற்றிய துணி, கண்ணாடி. அப்படியே மணிக்கணக்கில் முங்கி முங்கி எடுப்பார்கள். கரைக்கு வந்தாலும் ஈரச்சேலையை மாற்ற முடியாது. பாசியை இறக்கி, மணலில் காயப் போட்ட பிறகுதான் வீடு. குளிப்பது உப்புக் கிணற்றில். கடைசியில் இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள், குடத்தில் இருந்தால். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு 'நல்ல தண்ணி' என்றுதான் பெயர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றின் பெயரே நல்லதண்ணித் தீவு. உப்புக்கு நடுவே அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருந்தால் ஒரு தீவுக்குப் பெயராகியிருக்கும்!

அன்று இரவு தங்கியிருந்த இடத்தில் கேர் பிளான் எழுத உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் கை 'நாலெட்ஜ் டெஃபிசிட்' என்று எழுதிவிட்டது. அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் 15 லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம். குடிக்க மட்டும். சோறு வடிக்க, குளிக்க, வருகிற நர்சுக்குக் கை கழுவ ஊற்றியதெல்லாம் தனி. அதுவும் காசு கொடுத்து வாங்குகிற குடம். தண்ணீர் குடிப்பது நல்லது என்று அந்த அக்காவுக்குத் தெரியாதா?

அந்தப் பெண்களுக்குத் தெரிந்ததை நினைத்துப் பார்த்தேன். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, கோடையில் அது வளர்கிற காலத்தில் கடலுக்கே போகாமல் விட்டுவிடுவது என்று பாசி எடுக்கிற பெண்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்ட கடற்கரை இது. கையால்தான் பறிப்பார்கள், மறுபடி துளிர்க்க அடியை விட்டுவிடுவார்கள். பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது கிடைத்தது இந்தப் பெண்களை வழிநடத்தியதற்காகத்தான். இவர்களைப் பற்றி எழுதுகிற தாளில் முதல் வார்த்தையாக 'அறிவுக் குறைபாடு' என்று எழுத எனக்கு என்ன உரிமை? அடித்துவிட்டேன். 'நெடுநேரம் ஈரத்துணியில் இருப்பதாலும், குடிக்கவும் கழுவவும் நல்ல தண்ணீர் போதாததாலும் சிறுநீர்த்தொற்று திரும்பத் திரும்ப வரும் அபாயம்' என்ற அர்த்தம் வருகிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மேடம் அந்தப் பக்கத்தில்தான் நிறுத்தினார். "காரணம் என்று எழுதுவது நர்ஸ் தலையிட்டுச் சரிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும். தண்ணீர்ப் பஞ்சத்தை நீங்கள் எப்படிச் சரிசெய்வீர்கள்?" என்று கேட்டார். விதி அப்படித்தான். எழுதியதில் எனக்குக் கைவரக்கூடியதைச் சொன்னேன். மாற்றுச் சேலை ஒன்றைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னது, ஆளுக்குத் தனி பாட்டில், பாசியைத் தொடும் முன்னே ஈரம் மாற்றுவது, இரண்டு நாள் மாத்திரையை விட்டு சிறுநீர் பரிசோதனைக்குக் கூட்டிப்போய் முழு கோர்ஸ் மருந்து வாங்கிக் கொடுத்தது. தண்ணீருக்கு என்னிடம் பதில் இல்லை. "இல்லை மேடம். ஆனால் அதை எழுதாமல் விட்டால் தப்பு முழுக்க அந்த அக்கா மேல் விழுகிறது" என்றேன். அவர் பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தேர்ச்சி பெற்றேன். அந்தப் பக்கத்துக்கு எத்தனை மதிப்பெண் போட்டார் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்தது. இப்போது கடற்கரையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. நீர்க்கடுப்போடு வருகிற பெண்களின் பெயருக்கு நேரே என்ன தொழில், வீட்டில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை குடம் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். ரிசர்ச் பாடத்தில் கற்றதுதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22இலும் இப்போது கிராம சபை கூடுகிறது. ஒரு வருடம் எங்கள் கிராம சுகாதார செவிலியர் அக்காவும் நானும் அந்த நோட்டோடு போனோம். பாசிப் பெண்கள் வந்து பேசினார்கள், நான் எண்ணிக்கையை வாசித்தேன். சில மாதம் கழித்துப் பாசி காயப் போடுகிற திடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்டெக்ஸ் டேங்க் வைத்தார்கள். தினமும் நிறையாது. நிறைகிற நாளில் பெண்கள் அங்கேயே உப்பைக் கழுவிவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

போஸ்டிங்குக்கு எங்களிடம் பி.எஸ்சி. பிள்ளைகள் வருவதுண்டு. இவர்கள் நான்கு வருட டிகிரிக்காரர்கள், இப்போது எட்டு செமஸ்டர். என்னைவிட ஆங்கிலமும் நன்றாக வருகிறது. ஃபைலைத் திறந்தால் 'நாலெட்ஜ் டெஃபிசிட்' இருக்கும். நான் அடிப்பதில்லை. பென்சிலால் பக்கத்தில் "இவர் என்ன தெரியாமல் இருக்கிறார் என்று எப்படி உனக்குத் தெரிந்தது?" என்று எழுதி வைப்பேன். கறுப்புப் பையோடு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன், கை கழுவ.

போன மாதம் ஒரு பிள்ளை அப்படிப் பாட்டிலைத் திறந்து கை கழுவியபோது, அந்த வீட்டு ஆத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏத்தா, எங்க வீட்டுத் தண்ணி ஒனக்கு ஆகாதா?" பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்கும் இது தோன்றியிருக்கவில்லை. "அப்படி இல்ல ஆத்தா, கை கழுவுற தண்ணிய எதுக்கு ஒங்க கொடத்துல எடுக்கணும்? குடிக்கக் குடுங்க, குடிக்கிறோம்" என்றேன். ஆத்தா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சொம்பு நிறையக் கொண்டுவந்து என்னைத் தாண்டி அந்தப் பிள்ளையிடம் நீட்டினார். அவள் அண்ணாந்து ஒரு சொட்டு கீழே விழாமல் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் பி.பி. பார்க்கக் கையை நீட்டினார்.