சேர்க்கை எண் 153

என் சேர்க்கை எண் 153. நூலக அட்டையின் மூலையில் கிடப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்றுதான் ஒன்பதாம் வகுப்புவரை நினைத்திருந்தேன். ஒரு நாள் கணக்கு சார் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தவர், திருப்பித் தராமல் அப்படியே கரும்பலகைக்குப் போய்விட்டார்.

ஒன்றின் கனம் 1, ஐந்தின் கனம் 125, மூன்றின் கனம் 27. கூட்டினால் 153. ஒன்று முதல் பதினேழு வரை கூட்டச் சொன்னார். அதுவும் 153.

"இப்போது மூன்றால் வகுபடும் ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களின் கனங்களைக் கூட்டுங்கள். வரும் விடையையும் விடாதீர்கள், அதே போல் கூட்டுங்கள்."

நான் எடுத்தது 12. அது 9 ஆயிற்று. பிறகு 729, 1080, 513, கடைசியில் 153. முன் பெஞ்சில் ஒருவன் 84இல் தொடங்கி அங்கேயே வந்து சேர்ந்தான். என் பக்கத்தில் இருந்தவன் மட்டும் "மூன்றால் வகுபடும்" என்பதைக் காதில் வாங்காமல் 55ஐ எடுத்துவிட்டான். 250, 133, மறுபடி 55. செக்குமாடு போல நாலு சுற்று வந்த பிறகு சாரிடமே சண்டைக்குப் போனான்.

காரணம்தான் அழகு. எந்த எண்ணின் கனத்திலிருந்தும் அந்த எண்ணைக் கழித்தால், அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கற்பலன் கிடைக்கும். மூன்றில் ஒன்று மூன்றின் மடங்காக இருந்தே தீரும். ஆகவே இலக்கங்களைக் கனமாக்கினாலும் மூன்றால் வகுத்தால் வரும் மீதி மாறாது; மூன்றின் மடங்காகப் புறப்பட்டது கடைசிவரை மூன்றின் மடங்குதான். நான்கு இலக்க எண் தரக்கூடிய கூட்டுத்தொகை அதிகம் போனால் 2916. அதைவிடப் பெரியவையெல்லாம் சுருங்கி அதற்குள் விழுந்துவிடும். அதற்குள் இருக்கும் மடங்குகள் 972. நாங்கள் 36 பேர், தலைக்கு 27. இரண்டு பாடவேளையில் முடித்தோம். எல்லாமே 153இல் வந்து நின்றன.

கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டி, 1940இல் வெளிவந்த தம் நூலில், ஒன்றை விட்டால் இந்தக் கனப் பண்பு உள்ளவை 153, 370, 371, 407 ஆகிய நான்கு மட்டுமே என்று சொல்லிவிட்டு, இதில் கணித அறிஞருக்கு ஏதுமில்லை என்று ஒதுக்கிவிட்டார். பத்து இலக்கங்களால் எண்களை எழுதும் பத்தடிமான முறையை மாற்றினால் இந்தப் பெருமை போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய சேர்க்கை எண் 153 இல்லையே!

மறுநாள் இடைவேளையில் மற்ற மூவரையும் தேடிப் புறப்பட்டோம். 370ம் 371ம் ஒரே நாளில் சேர்ந்த அண்ணன் தம்பி. யாருடைய எண் உசத்தி என்று அங்கேயே அடித்துக்கொண்டார்கள். 407 ஆறாம் வகுப்புச் சிறுவன். பெரிய பையன்கள் கூட்டமாக வந்து தன் எண்ணைக் கேட்டதும், ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அழத் தொடங்கினான். மணி அடித்துவிட்டதால் விஷயத்தைச் சொல்லாமலே வந்துவிட்டோம். இந்தப் பள்ளி மலர் அவன் கையில் கிடைத்தால்: தம்பி, 64, 0, 343. கூட்டிப் பார்.