மாத்திரை இலவசம்தான், ஆனால்…

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை எப்போதுமே இலவசம்தான். ஆனால் அதை வாங்கப் போனால் என் மாமியாருக்குக் களை எடுக்கும் கூலி ஒரு நாள் போய்விடும். அதனால் பாதி மாதம் மாத்திரையே இருக்காது. கேட்டால், "தலை சுத்தினாத்தானே போடணும்?" என்பார்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் தமிழக அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் பக்கத்து ஊர்ப் பெண். பிரஷர், சர்க்கரை பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, அப்புறம் பழைய அட்டையையும் வாங்கி எண்ணிப் பார்ப்பார். மாமியார் டாக்டருக்குப் பயப்பட மாட்டார், இவருக்குப் பயப்படுவார்! படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு.

ஒரு குறை: இந்தப் பெண்களுக்குக் கிடைப்பது வெறும் ஊக்கத்தொகை. வெயிலில் வீடு வீடாக நடப்பவர்களுக்கு ஒழுங்கான மாதச் சம்பளம் கொடுத்தால் என்ன?