ஆரியங்காவு வழியாக லாஸ் வேகஸ்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு எங்கள் வீட்டு லாஸ் வேகஸ் பயணக் கமிட்டி ஏழாவது முறையாகக் கூடி, முதல் முறையாக ஒரு முடிவுக்கு வந்தது. புளியோதரை ஐந்து டப்பா. மற்றதெல்லாம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

மே கடைசித் திங்கள் வரும் மெமோரியல் டே லீவு. வெள்ளி விடிகாலையில் கிளம்பி, மூன்று ராத்திரி தங்கி, திங்கள் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கலிபோர்னியாவில் இந்த ஃப்ரீமான்ட்டுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது, இன்னும் வேகஸ் பார்த்ததில்லை என்றால் ஆபீசில் துக்கம் விசாரிப்பது போல் பார்க்கிறார்கள். ஒருவர் தோளில்கூடத் தட்டினார். அந்த ரோஷத்தில்தான் எக்செல்லைத் திறந்தேன்.

முதல் ஆலோசகர், வழக்கம்போல, மச்சான். பதினோரு தடவை போயிருக்கிறார். "சூது ஆடினீங்களா?" என்றேன். "ஆடாமலா?" என்றார். "எவ்வளவு போச்சு?" "சேச்சே, சமமா வந்துட்டேன் மாப்ள."

இதைக் கவனித்திருக்கிறீர்களா? வேகஸ் போய்விட்டு வந்தவர்களில் தோற்றவன் என்று ஒருத்தனையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. எல்லாரும் சமமாகத்தான் வந்திருக்கிறார்கள். உலகத்தில் பொதுவுடைமை முழுதாக வந்த ஒரே ஊர் அதுதான் போல. அப்படியானால் பாரிஸில் இருப்பதில் பாதி உயரத்துக்கு, 540 அடியில், ஒரு ஈஃபிள் டவரை நிறுத்தியிருக்கிறார்களே, அது யார் அப்பன் வீட்டுக் காசு?

நானும் விடாமல் கணக்குப் போட்டேன். பந்தை உருட்டிவிடும் ரவுலட் சூதாட்டச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், ஒரு பூஜ்யம், கூடவே ஓர் இரட்டைப் பூஜ்யம். ஆக 38 குழி. ஆனால் நாம் சொன்ன எண் விழுந்தால் வைத்த காசு போக 35 மடங்குதான் தருவான். 100 டாலர் வைத்தால், எடுத்த எடுப்பில் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் அவனுக்கு. அந்தப் பூஜ்யங்களில்தான் ஊரே நிற்கிறது. பூஜ்யத்தைக் கண்டுபிடித்தது நாம், அதை வைத்து சம்பாதிப்பது அவர்கள் என்று மச்சானுக்கு மெசேஜ் போட்டேன். "அதெல்லாம் கணக்கு தெரிஞ்சவங்களுக்கு மாப்ள" என்று பதில் வந்தது.

மார்ச்சிலிருந்து அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்து இங்கே எங்களோடு இருக்கிறார்கள். அம்மா வேகஸ் என்ற பேச்சை எடுத்த அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"சூதாடுத ஊருக்கா பிள்ளையளக் கூட்டிட்டுப் போவ? தர்மரே நாடு நகரம் எல்லாம் வச்சுத் தோத்தாரு. ஒங்கிட்ட ஒரு ஹோண்டா காருதாம்ல இருக்கு."

21 வயது ஆகாதவர்கள் அங்கே சீட்டு மேசைப் பக்கமோ மிஷின் பக்கமோ நிற்கவே கூடாது, நடந்து கடந்து போகலாம், அவ்வளவுதான் என்று சட்டம் பேசினேன். எடுபடவில்லை. அடுத்து, வேகஸ் வேகஸ் என்கிறோமே, அந்தப் பெரிய ஓட்டல்கள் வரிசையாக இருக்கும் தெரு உண்மையில் லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே வராது, அந்த இடத்தின் பெயர் பாரடைஸ், அதாவது சொர்க்கம் என்று ஆசை காட்டிப் பார்த்தேன்.

"சொர்க்கத்துக்குப் போற வயசுதான். அதுக்கு காருல போவணுமாக்கும்?"

அப்பா வேறு ரகம். அவர் எதையும் மறுப்பதில்லை, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். பெலாஜியோ ஓட்டலின் நீரூற்று வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ஏரி மாதிரி குளம், பாட்டுக்குத் தகுந்தபடி தண்ணீர் ஆடுகிறது, பார்க்கக் காசும் கிடையாது. இரண்டு நிமிடம் பார்த்தார். "தண்ணிய மேல அடிக்கான். சரி. குத்தாலத்துல மேல இருந்து அதுவாட்டு விழுது. அதுக்கும் காசு கெடையாது." அத்தோடு பெலாஜியோ முடிந்தது. மே கடைசியில் அங்கே வெயில் எப்படி என்று கேட்டார். பாலைவனம்ப்பா, கொளுத்தும் என்றேன். "அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து பிளேன் ஏறி வந்தேன். நீ என்னைய காருல வச்சு மறுபடி அங்கயே கொண்டு விடுத" என்றார்.

வேகஸ் பக்கத்தில் இருக்கும் ஹூவர் அணை மட்டும் வேலை செய்தது. பொதுப்பணித்துறையில் முப்பத்தொரு வருடம் கோப்பு புரட்டியவர், சும்மாவா. 726 அடி உயரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்போ கட்டினான்? 1935-ல் திறந்தார்கள் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "மேட்டூர் 1934. நம்ம ஒரு வருசம் முந்தி." அன்றிலிருந்து ஊரில் யார் போன் செய்தாலும் அமெரிக்காக்காரன் நம்மைப் பார்த்து அணை கட்டின கதைதான். நான் திருத்தப் போகவில்லை. ஒரு ஓட்டு உறுதியானது எனக்குப் போதும்.

ஓட்டல் விஷயத்துக்கு வருகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அதே அறை, அதே கட்டில். செவ்வாய்க்கிழமை படுத்தால் ஒரு விலை, லீவு சனிக்கிழமை படுத்தால் மூன்று மடங்கு. அதற்கு மேல் ரிசார்ட் ஃபீ என்று ஒன்று. நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம், இன்டர்நெட் இதற்கெல்லாம் ராத்திரிக்கு ஐம்பது டாலர் பக்கத்தில். எனக்கு நீச்சல் தெரியாது, உடற்பயிற்சிக்கும் எனக்கும் என்ன உறவு என்று என் வயிற்றைப் பார்த்தாலே தெரியும். வேண்டாம் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. 2025 மே மாதத்திலிருந்து முழுத் தொகையையும் முதலிலேயே காட்டவேண்டும் என்று விதி வந்துவிட்டது. முன்பெல்லாம் கடைசிப் பக்கத்தில் வந்த நெஞ்சுவலி இப்போது முதல் பக்கத்திலேயே வருகிறது. நுகர்வோர் பாதுகாப்பு.

லக்ஸர் கொஞ்சம் கட்டுபடியாகும் போலிருந்தது. முப்பது மாடி, கறுப்புக் கண்ணாடிப் பிரமிடு, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். படத்தை அம்மாவிடம் காட்டினதுதான் தப்பு.

"பிரமிடுன்னா செத்தவங்களப் பொதைக்கதுதானல?"

"அது எகிப்துலம்மா. இது ஓட்டல்."

"சமாதியில மூணு ராத்திரி படுக்கதுக்கு நான் வரல."

அதற்கப்புறம், எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் ஒரு காலத்தில் சிங்கத்தின் வாய்க்குள் நுழைவது போல வாசல் வைத்திருந்ததையும், அது அபசகுனம் என்று சீனாக்கார வாடிக்கையாளர்கள் தயங்கியதால் வாசலையே மாற்றிவிட்டதையும் நான் வேறு உளறித் தொலைத்தேன். "பாத்தியா, கோடி கோடியா போட்டவனே சகுனம் பாக்கான். நீ பாக்க மாட்டியோ?" லக்ஸர் போயிற்று.

கடைசியில் ஏதோ ஓர் ஓட்டல். எல்லாவற்றுக்கும் பக்கம் என்று படத்தில் தெரிகிறது. மச்சான் சிரிக்கிறார். அந்தத் தெரு நாலு மைலுக்கு மேல் நீளமாம். எதிரில் தெரியும் கட்டடத்துக்கு நடந்தால் அரை மணி நேரம் ஆகுமாம், அதுவும் வழியில் ஒரு சூதாட்டக் கூடத்தைச் சுற்றாமல் போக முடியாதாம். திருவிழாக் கூட்டத்தில் கோவில் பிரகாரம் சுற்றிவிடுவது போலச் சுற்றிவிடுவார்கள் என்றார். என்ன, இங்கே உண்டியல் அடிக்கு ஒன்று.

அறையில் தயிர் வைக்க ஃபிரிட்ஜ் உண்டா என்று அம்மா கேட்டாள். உண்டு, ஆனால் சில ஓட்டல்களில் உள்ளே இருக்கும் பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினாலே பில்லில் ஏறிவிடும், சென்சார் வைத்திருக்கிறான் என்றேன். வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் அம்மாவைப் பார்த்தோம். எந்த வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாலும் முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துடைத்து, அடுக்கிவைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பவள். தயிருக்கு ஐஸ் பெட்டி என்று எக்செல்லில் 38-வது வரியில் சேர்த்தேன்.

மனைவிக்குப் படகு போதும். வெனிஷியன் ஓட்டலுக்குள் கால்வாய் வெட்டி, படகுக்காரன் பாடிக்கொண்டே துடுப்புப் போடுகிறானாம். "வெனிஸ், பாரிஸ், நியூயார்க் எல்லாம் ஒரே தெருவுல முடிஞ்சுருது. இனிமே ஐரோப்பான்னு வாயத் திறக்க மாட்டேன்" என்று எழுதித் தராத குறையாகச் சொல்லியிருக்கிறாள். என் எக்செல்லிலேயே பெரிய லாபம் அந்த வரிதான். பெரியவளுக்கு ஸ்பியர். 2023-ல் திறந்த அந்த ராட்சதப் பந்தை வெளியே நின்று பார்க்கக் காசில்லை என்பதால் அதற்கும் ஒப்புதல். சின்னவன் வழக்கம்போல, அங்கே வைஃபை உண்டா என்று மட்டும் கேட்டான். ரிசார்ட் ஃபீயில் அடக்கம் என்றேன் வயிற்றெரிச்சலோடு.

இவ்வளவு ஆகியும் அம்மா மசியவில்லை. போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். "இது என்ன கூத்து. சூதாட்டத்தை 1931-லயே சட்டமாக்கின, வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலத்துல லாட்டரி மட்டும் கிடையாதாம்!"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"என்ன சொன்ன? லாட்டரி கெடையாதா?"

"கிடையாது அத்தை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அம்மா தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். "அப்ப அது நல்ல ஊருதான். போவோம்."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு லாட்டரிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூட்டான், சிக்கிம் லாட்டரிச் சீட்டு என்று அப்பாவுக்கு இருந்த வெளியூர்த் தொடர்பு, சாய்ங்காலப் பேப்பர், காதில் சொருகின பென்சில், கடைசி ஓர் எண்ணில் நழுவிப் போன லட்சங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது அம்மா பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைத்தாள் (பதினொன்று என்பது அப்பாவின் கணக்கு). அந்த வருடம்தான் அப்பாவுக்குத் திடீரென்று பக்தி முற்றியது. மாதம் தவறாமல் தென்காசியிலிருந்து பஸ் பிடித்து ஆரியங்காவு ஐயப்பனைப் பார்க்கப் போனார். அம்மா பூரித்துப் போனாள். ஆரியங்காவு கேரளாவுக்குள் இருக்கிறது, எல்லை தாண்டினால் லாட்டரிக் கடை என்பது விபூதிப் பொட்டலத்துக்குள் இரண்டு டிக்கெட் அகப்படும்வரை அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு மாதம் பேச்சு கிடையாது. அப்புறம் அதே ஐயப்பன்மேல் சத்தியம்.

அம்மா சம்மதித்த மறுநாள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஐபேட். கண்ணில் ஒரு வெளிச்சம், அணைக்குக்கூட வராத வெளிச்சம்.

"ஏல, நெவாடாக்காரன் லாட்டரி வாங்கணும்னா எங்க போறான் தெரியுமா? பிரிம்னு ஒரு ஊரு. அங்க எல்லை தாண்டி கலிபோர்னியாவுக்குள்ள கால வச்ச ஒடனே ஒரு கடை. பெரிய பரிசு வந்துட்டா சனம் மணிக்கணக்குல வரிசையில நிக்காம்!"

"நாம போற ரோட்லதான்ப்பா வருது."

"ஆரியங்காவேதாம்ல!" என்றார் சத்தமாக. பின்னால் அம்மா துணி மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "கோவிலச் சொன்னேன்" என்று ஐபேடை மூடினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வெளிநாட்டுக்காரனுக்குப் பரிசு விழுந்தா 30 சதவீதம் வரி பிடிப்பான். நம்ம ஊர்லயும் அதே 30 தான். நியாயமான தேசம்" என்றார். வாங்கலாமா என்று மட்டும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்றுக் கமிட்டி கலைந்தபிறகு தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அம்மா புளிக்காய்ச்சலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு நூறு டாலர் நோட்டை எடுத்து நீட்டினாள். சித்திரை வருடப்பிறப்புக்கு மருமகள் கொடுத்தது.

"அந்தக் கடையில கார நிறுத்து."

"எந்தக் கடை?"

"ஆரியங்காவுக் கடை. எனக்கு என்ன காது செவிடா?"

நான் நோட்டை வாங்காமல் நின்றேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"உங்கப்பா தெனம் காலம்பற நடக்கப் போறாருல்லா, எங்க போறாருன்னு நெனைக்க? முக்குல பெட்ரோல் பங்கு இருக்கே, அங்க. கண்ணாடியில இத்தன மில்லியன்னு நம்பரு எரியும். அதையே பாத்துக்கிட்டு நிப்பாரு. பத்து நிமிசம். உள்ள போவ மாட்டாரு. நான் ரெண்டு நாளு பின்னாலயே போயிப் பாத்தேன். ரெண்டு மாசமா இதே சோலி. வாக்குக் குடுத்துட்டாருல்லா."

கலிபோர்னியாவில் பங்குக்குப் பங்கு லாட்டரி விற்கிறார்கள் என்பதை அம்மாவிடமிருந்து இத்தனை நாள் மறைத்துவிட்டதாக நானும் மனைவியும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

"சரி, அப்பாவ வாங்கச் சொல்றேன்" என்றேன்.

"அவரு வாங்கப்படாது, சத்தியம் பண்ணிருக்காரு. நான் வரிசையில நின்னு வாங்கிக் குடுக்கேன். அதுக்கு ஒண்ணும் தோசமில்ல." கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "ஒரு டிக்கெட்டு எவ்வளவு?"

"ரெண்டு டாலர்லயும் இருக்கும்மா."

"அப்ப ரெண்டு போதும். மிச்சத்தக் கணக்கா வாங்கித் தா."

எக்செல்லில் 41-வது வரி புதிதாகச் சேர்த்திருக்கிறேன். பிரிம் எல்லை, நிறுத்தம் 30 நிமிடம். காரணம் என்ற கட்டத்தில் 'ஐயப்பன் கோவில்' என்று போட்டிருக்கிறேன்.